ஆட்டமிழந்த விதம்

கூட்டம் நாலரைக்கு.
தவசீலன் வந்து இறங்கும்போது ஐந்தே முக்கால்.
பழைய ஆட்களுக்கென்று முன்வரிசையில் ஏழு கதிரை,
அதில் ஒன்றில் நான்.
பதினொரு வருடம் அவனுக்கு ஸ்கோர் எழுதியவர் என்று
அறிவிப்பாளர் என் பெயரைத் தப்பாகச் சொன்னார்.

அவனுடைய வலது தோள் இப்போதும் சற்றுத் தாழ்ந்தே கிடக்கிறது.
மைக்கைப் பிடிக்கும்போதும்
பந்தின் தையலில் விரல் வைக்கிற அதே பிடி.
முதலில் மெதுவாக, நல்ல அளவில்,
பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் இல்லை என்றான்
மைதானத்துக்கு வெளிச்சம் இல்லை என்றான்
சரிதான், எல்லாம் சரிதான்.
மறுகா ஓட்டத்தை நீட்டினான்.

"அவனுகள்ற கடையில ஒரு முழத் துணியும் வாங்காத.
அவனுகளுக்கு ஒரு பேர்ச் காணியும் விக்காத.
பாம்புக்குப் பால் வார்த்த கை நம்மட கை."

பந்தல் எழும்பி நின்றது.
பாண்டிருப்புச் சந்தி வரைக்கும் விசில்.
நான் கை தட்டினேன்.
இதைத்தான் முதலில் எழுத வேண்டும், மற்றதெல்லாம் பிறகு:
நான் கை தட்டினேன்.
அவன் கையை உயர்த்தினால் தட்டிப் பழகிய கை,
எது விக்கட் எது வாய் என்று பார்க்கவில்லை.

வீட்டில், அலுமாரிக்கு மேல்,
கறையான் தின்றது போக ஆறு கொப்பிகள்.
சிறப்பு மலருக்கு அவனுடைய கணக்கு வேண்டுமாம்,
காலையில் ஒரு பெடியன் வருவானாம்.
இரண்டாயிரத்து மூன்று. சந்தாங்கேணி. மேற்றிங்.
பாய்க்கு ஆணி அடித்தவன் பெயர் இல்லை
ஆனால் அன்றைய காற்று இருக்கிறது, ஓரத்தில், பென்சிலால்:
கடற்காற்று, குறுக்கே.
ஆட்டமிழந்த விதம் என்ற நிரலில்
என் கையெழுத்து, ஒன்றின் கீழ் ஒன்றாய்

பிடி இம்தாத், பந்து தவசீலன்
பிடி இம்தாத், பந்து தவசீலன்
போல்ட் தவசீலன்
பிடி இம்தாத், பந்து தவசீலன்

மருதமுனை இம்தாத்.
கையுறைக்குள் சுண்டுவிரல் முறிந்தது
இருபத்து மூன்றாம் ஓவரில்.
முப்பத்தொன்று வரை நின்றான், ஒருவருக்கும் சொல்லவில்லை.
பிறகு கையுறை கழலவில்லை.
பிளேட்டால் வெட்டிக் கழற்றியவன் தவசீலன்,
அழுதவனும் தவசீலன்தான்.
அது கொப்பியில் இல்லை.
அதற்கு நிரல் இல்லை.

இம்தாத் இப்போது பிரதான வீதியில் துணிக்கடை.
போன பொங்கலுக்கு மகளின் சட்டை அங்கேதான் எடுத்தேன்.
கோணல் விரலால் மிச்சக் காசை எண்ணித் தந்து
"தவம் சுகமா?" என்று கேட்டான்.
சுகம் என்றேன்.

அங்காலும் ஒரு பந்தல் உண்டு.
அதில் பேசுகிறவர் மரதன் ஓடியவர்,
மாகாணச் சாதனை இன்னும் அவர் பெயரில்.
போன கிழமை எங்களைப் பற்றிப் பேசினாராம்.
முழத் துணிக்குப் பதில் கிலோ மரக்கறி,
பாம்பு அதே பாம்பு.

பெடியன் ஏழு மணிக்கே வந்துவிட்டான்.
கொப்பிகளை விரித்து ஒவ்வொரு பக்கமாய்ப் படம் எடுத்தான்.
"அண்ணன், எல்லாம் ஒரு பக்கத்துக்குள்ள அடங்கோணும்.
பந்து போட்டவர்ற பேர் காணும்,
பிடிச்ச ஆக்கள்ற பேர் வேணாமாம்."
"ஆர் சொன்ன?"
"இடம் காணாது, அண்ணன்."

நான் கூட்டிப் பார்த்தேன், எனக்கு வேறென்ன தெரியும்.
மிஞ்சிய ஆறு கொப்பியிலும் இருநூற்றுப் பதினான்கு விக்கட்.
இம்தாதைக் கழித்தால் நூற்று இருபத்தெட்டு.
"அப்ப நூற்று இருபத்தெட்டு எண்டு போடு" என்றேன்.
பகிடி என்று நினைத்துச் சிரித்தான்.
பிறகு சிரிக்கவில்லை.
"நேற்று நீங்களும் தட்டினீங்கதானே, அண்ணன்?"

ஓம் என்றேன்.
என் கணக்கையும் ஒருவன் வைத்திருக்கிறான்.

அவன் வெளியே போய், சைக்கிளில் சாய்ந்து
யாருக்கோ கோல் எடுத்தான்.
"எண்பத்தாறு குறையுதாம்" என்றான்.
மறுமுனை என்ன கேட்டதோ.
"ஓம், எண்பத்தாறு" என்றான் திரும்பவும்,
கொஞ்சம் சத்தமாக.